தகட்டில் விழுந்த வரி: காரைக்குடிப் பத்தர் பட்டறையின் கை மிஷினுக்குப் பல்சக்கரம் அமைத்த விவரம்

தங்கத் தகட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த வரிகள் கண்ணில் படும். நேராகப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். விரலால் தடவினாலும் தெரியாது. நகத்தை லேசாக இழுத்தால் தட்டுப்படும். குறுக்குவாட்டில், ஒரே இடைவெளியில், அளவெடுத்துப் போட்டது மாதிரி வரிகள்.

தகட்டைக் கொண்டுவந்தவர் காரைக்குடியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர். தங்கக் கட்டியை இரண்டு ரோலர்களுக்கு நடுவே விட்டுத் தகடாக நசுக்கும் கை மிஷின் அவருடையது. அறுபது வயதைத் தாண்டியவர். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கழுத்திரு செய்கிறவர். கழுத்திருவின் உருப்படிகளில் தகடு வைத்துச் செய்கிற வேலை அதிகம். வரி விழுந்த தகட்டை அரம் போட்டுச் சமன் செய்தால் தங்கம் தூளாக உதிரும். தூளைக் கூட்டி எடுத்து மறுபடி உருக்கலாம்தான், ஆனால் சேதாரம் இல்லாமல் முடியாது. "தம்பி, ரெண்டு வருஷமா இப்படித்தான். மேல் ரோலரோட பல்லு உடைஞ்சப்ப வெளியில குடுத்து மாத்தினேன். அதுல இருந்து இந்த வரி" என்றார். கூடவே இன்னொரு குறையும் சொன்னார். கைப்பிடியைச் சுற்றுவதற்கு இப்போதெல்லாம் தோள் ஒத்துழைப்பதில்லை.

நான் லேத் பட்டறைக்காரன். பல் வெட்டுவது அன்றாட வேலை. இந்த மிஷினுக்கு நான் செய்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கையால் சுற்றும் ரோலர் மிஷினுக்குப் பல்சக்கரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதை இந்த மிஷின் நன்றாகக் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

மிஷின் எளிமையானது. 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளம் உள்ள இரண்டு எஃகு ரோலர்கள், ஒன்றன்மேல் ஒன்று. கீழ் ரோலர் இடம் மாறாது. மேல் ரோலரை மேலே உள்ள திருகால் ஏற்றி இறக்கலாம். ரோலர் முட்டினால் இடைவெளி பூஜ்யம், முழுக்கத் திறந்தால் 5 மி.மீ. ரோலரின் கழுத்து, அதாவது அதைத் தாங்கும் முனைப்பகுதி, 30 மி.மீ. விட்டம். அது கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) வளையமான புஷ்ஷில் சுழல்கிறது. கைப்பிடி நேராகக் கீழ் ரோலரின் அச்சிலேயே மாட்டியிருந்தது, 300 மி.மீ. நீளம். கீழ் ரோலரில் இருந்து மேல் ரோலருக்கு ஒரு ஜோடிப் பல்சக்கரம். அவ்வளவுதான்.

முதலில் மிஷினைத் தொடவில்லை. தகட்டை மேஜையில் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்தேன். 131 மி.மீ. அப்படியென்றால் ஒரு இடைவெளி 13.1. ரோலரின் சுற்றளவு 157 மி.மீ. 157ஐ 13.1ஆல் வகுத்தால் 12 வருகிறது. அப்புறம்தான் உறையைக் கழற்றிப் பல்லை எண்ணினேன். பன்னிரண்டு! ஒவ்வொரு பல் மாறும்போதும் மேல் ரோலர் ஒரு சின்னத் தட்டுத் தட்டி, அதைத் தகட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ரோலர் மிஷினில் வரி விழுந்தால் முதலில் இடைவெளியை அளக்க வேண்டும். சுற்றளவுக்கு ஒரு வரி என்றால் பெரும்பாலும் ரோலரில் குறை. பல்லுக்கு ஒரு வரி என்றால் பல்சக்கரத்தில் குறை.

பத்தரிடம் இதைச் சொன்னபோது தகட்டை வாங்கி மறுபடி சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏன் தட்டுகிறது

மாற்றிப் போட்டிருந்த ஜோடி 4 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்), 12 பல். பிட்ச் வட்டம், அதாவது மாட்யூலைப் பல்லின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் கணக்கு வட்டத்தின் விட்டம், 48 மி.மீ. ரோலர்கள் முட்டும்போது மையத்துக்கு மையம் 50 மி.மீ., ஆகவே பல் ஒன்றோடொன்று இறுகாது. பொருத்திச் சுற்றிப் பார்த்தால் சரியாகச் சுற்றுகிறது. மாற்றியவர் அதோடு திருப்திப்பட்டிருப்பார். வெறும் ரோலரைச் சுற்றிப் பார்த்தால் யாருக்கும் குறை தெரியாது.

கிணற்றில் நீர் இறைக்கும்போது ஒரு கை கயிற்றை விடுவதற்குள் மறு கை பிடித்திருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரு நொடி விட்டால் வாளி கீழே இறங்கி வெடுக்கென்று இழுக்கும். பல்சக்கரமும் அப்படித்தான். ஒரு ஜோடிப் பல் விலகுவதற்குள் அடுத்த ஜோடி தொட்டிருக்க வேண்டும். சராசரியாக எத்தனை ஜோடி தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைத் தொடுகை விகிதம் என்போம். அது ஒன்றுக்குக் கீழே போகவே கூடாது. சாதாரணப் பல்சக்கர வேலையில் 1.2க்குக் குறையாமல் வைப்பது வழக்கம்.

இந்த ஜோடிக்குக் கணக்குப் போட்டேன். சாதாரண உயரமுள்ள பல், 20 டிகிரி அழுத்தக் கோணம் (ஒரு பல் எதிர்ப் பல்லைத் தள்ளும் சாய்வு). ரோலர் முட்டிய நிலையிலேயே, அதாவது மையத் தூரம் 50 மி.மீ. இருக்கும்போதே, தொடுகை விகிதம் 0.98தான். ரோலரைத் திறக்கத் திறக்க அது இன்னும் விழும். இதிலும் 12 பல் என்பதால் வேர்ப்பக்கம் வேறு அறுபட்டிருக்கும். 20 டிகிரியில் 17 பல்லுக்குக் கீழே போனாலே இந்த அறுப்பு வரும். ஆகவே உண்மையான விகிதம் 0.98க்கும் குறைவு. தொடர்பு விட்டுப்போகும் அந்தச் சின்ன நேரத்தில் மேல் ரோலரை யாரும் சுற்றவில்லை. தங்கம்தான் உராய்ந்து இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த பல் வந்து இடித்ததும் ரோலர் துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் வரி.

இங்கேதான் நான் சொன்ன தடுக்கல். பல்சக்கரம் என்றதும் எல்லோரும் எத்தனைக்கு எத்தனை என்று வேக விகிதத்தைத்தான் யோசிக்கிறார்கள். ரோலர் மிஷினில் அது இரண்டாவது கேள்வி. மையத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு அச்சுகளை எப்படி விடாமல் பிடித்துவைப்பது என்பதுதான் முதல் கேள்வி.

பல்லை நீட்டலாமா

பழைய காலத்து வழி, பல்லை நீளமாக வெட்டுவது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றியபோது, துணி பிழியும் பழைய ரோலர் மிஷின் ஒன்றைப் பார்த்தேன். ஏதோ ஒரு பெரிய வீட்டில் இருந்து வந்திருக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டம், மர உருளை, பக்கத்தில் இரண்டு பல்சக்கரம். ஒவ்வொரு பல்லும் சீப்புப் பல் மாதிரி நீட்டமாக இருந்தது. போர்வை போனால் உருளை விலகும், வேட்டி போனால் நெருங்கும். இரண்டு நிலையிலும் பல் விடாமல் இருக்கத்தான் அந்த நீளம். கடைக்காரர் அனுமதியோடு பத்து நிமிஷம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய தச்சனும் வார்ப்புக்காரனும் நம்முடைய அதே சிக்கலைத்தான் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியபோது சந்தோஷமாக இருந்தது.

ஆனால் துணிக்கு ஒத்துவருவது தங்கத்துக்கு ஒத்துவருமா? கணக்கு இதோ. அதே 12 பல், 4 மாட்யூல். ரோலர் முட்டும்போது இறுகாத அளவுக்குப் பல்லின் தடிமனை வைத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் ஏற்றினேன். வெளி ஆரம் 30.2 மி.மீ. ஆகும்போது பல்லின் நுனி கத்திமுனை ஆகிவிடுகிறது. அதற்கு மேல் பல் இல்லை. அந்தக் கத்திமுனைப் பல்லிலும் ரோலர் இடைவெளி 3.3 மி.மீ.யைத் தாண்டினால் தொடர்பு அறுகிறது. நுனியில் கொஞ்சம் தட்டையாக விட்டு, உடையாத மாதிரி வெட்டினால் 2.6 மி.மீ. வரைதான் தாங்கும். துணிக்கு அது போதும். துணியில் வரி விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

பத்தரிடம் கேட்டேன். "அண்ணே, உருக்கின கட்டியைச் சுத்தியலால தட்டி ரெண்டரை மில்லிக்குக் கொண்டுவந்துட்டு மிஷின்ல விட்டா ஆகுமா?"

"முன்னாடி அப்படித்தான் செஞ்சோம். இப்ப தட்டுறதுக்கு ஆள் எங்க? அஞ்சு மில்லி அச்சுல ஊத்தி நேரா விடுறோம்."

சரி, நீளப் பல் போதாது என்று முடிவாயிற்று. பெரிய இரும்பு ஆலைகளில் பல்சக்கரத்தைத் தனிப் பெட்டியில் வைத்து, இரண்டு முனையிலும் வளைந்துகொடுக்கும் தண்டால் ரோலரைச் சுற்றுவார்கள். மேஜைமேல் வைக்கும் மிஷினில் அதற்கு இடம் கிடையாது.

நான்கு சக்கரம்

எடுத்துக்கொண்ட வழி இது. கீழ் ரோலரில் ஒரு சக்கரம், மேல் ரோலரில் ஒரு சக்கரம். இவை இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் இரண்டு இடைச்சக்கரம். கீழ் ரோலர் முதல் இடைச்சக்கரத்தைச் சுற்றுகிறது, அது இரண்டாவதை, அது மேல் ரோலரை. ஒவ்வொரு தொடுகையிலும் திசை மாறும். மூன்று தொடுகை இருப்பதால் கடைசியில் மேல் ரோலர் கீழ் ரோலருக்கு எதிர்த்திசையில் சுற்றும். நமக்கு வேண்டியது அதுதான்.

முதல் இடைச்சக்கரத்தின் ஆணி சட்டத்திலேயே பதித்தது, ஏனென்றால் கீழ் ரோலர் நகர்வதில்லை. இரண்டாவது இடைச்சக்கரம் இரண்டு கைப்பட்டைகளில் தொங்குகிறது: ஒன்று முதல் இடைச்சக்கரத்தின் ஆணியில் இருந்து, மற்றது மேல் ரோலரின் அச்சில் இருந்து. மேல் ரோலர் ஏறினால் பட்டைகள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் மட்டும் மாறவே மாறாது. ரோலர் 5 மி.மீ. ஏறும்போது இரண்டாவது இடைச்சக்கரம் நகர்வது 1.2 மி.மீ.தான். வரைந்து பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

நான்கும் ஒரே அளவு: 2.5 மாட்யூல், 17 பல். பிட்ச் விட்டம் 42.5, வெளி விட்டம் 47.5. ரோலர் முட்டியிருக்கும்போதும் மேல், கீழ்ச் சக்கரங்களுக்கு இடையே 2.5 மி.மீ. சந்து மிச்சம். 17 பல் என்பதால் வேர் அறுப்பு கிடையாது. ரோலர் அச்சின் முனையை 20 மி.மீ.க்குக் கடைந்து சாவி (சக்கரம் அச்சில் வழுக்காமல் பூட்டும் சின்ன இரும்புக் கட்டை) போட்டேன். அதற்கு மேல் துளை போட்டால் சாவிப் பள்ளத்துக்கும் பல்லின் வேருக்கும் நடுவே சதை இருக்காது.

தோளுக்கு எவ்வளவு பாரம்

இனி வேக விகிதம். இதை மிஷினில் இருந்து தொடங்கக்கூடாது, தங்கத்தில் இருந்து பின்னோக்கி வரவேண்டும்.

ஒரு தடவை ரோலரில் விடும்போது எவ்வளவு தடிமன் குறைக்கலாம்? அதற்கு ஓர் எல்லை உண்டு. உராய்வுக் கெழுவின் வர்க்கத்தை ரோலரின் ஆரத்தால் பெருக்கினால் வருவது. உராய்வு 0.1, ஆரம் 25 என்றால் 0.25 மி.மீ. அதற்கு மேல் ரோலர் உலோகத்தைக் கவ்வாது, வழுக்கும். ஆகவே 0.2 மி.மீ. என்று வைத்தேன். ரோலரும் தகடும் தொடும் நீளம் 25ஐ 0.2ஆல் பெருக்கியதன் வர்க்கமூலம், 2.24 மி.மீ. தகட்டின் அகலம் 20 மி.மீ. இரண்டு மூன்று தடவை உருண்டு இறுகிப்போன 22 காரட் தங்கத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 25 கிலோ என்று எடுத்துக்கொண்டேன். பெருக்கினால் ரோலர்களைப் பிளக்கும் விசை 1,120 கிலோ. உள்ளங்கை அகலத்தில் பாதிகூட இல்லாத தகட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல்!

தகட்டை நசுக்கத் தேவையான திருப்புவிசை 2.5 கிலோ-மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 2.5 கிலோ இழுப்பதற்குச் சமம். இதற்கு மேல் கழுத்து உராய்வு. 1,120 கிலோ பாரத்தோடு இரண்டு ரோலரின் கழுத்தும் புஷ்ஷில் தேய்கின்றன. காய்ந்த புஷ், உராய்வு 0.1, கழுத்தின் ஆரம் 15 மி.மீ. என்றால் அதற்கு மட்டும் 3.4 கிலோ-மீட்டர். அதாவது பத்தர் கைப்பிடியில் செலவழித்த பலத்தில் பாதிக்கு மேல் தங்கத்துக்குப் போகவே இல்லை, புஷ்ஷைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் விகிதத்தை மட்டும் கூட்டியிருந்தால் நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய்ப் பள்ளம் முழுக்கக் கருப்பு மசி அடைத்து, கல்லாகியிருந்தது.

மொத்தம் 5.9 கிலோ-மீட்டர். 300 மி.மீ. கைப்பிடியில் கிட்டத்தட்ட 20 கிலோ இழுக்க வேண்டும். ஒரு ஆள் தொடர்ந்து சுற்ற 8 கிலோ வரை சரி, அதற்கு மேல் சீக்கிரம் களைப்பார். நான் முதலில் கைப்பிடிக்கும் கீழ் ரோலருக்கும் நடுவே ஒரு ஜோடிப் பல்சக்கரம் வைத்து 5 மடங்கு போடலாம் என்று நினைத்தேன். கைப்பிடியில் நாலு கிலோ சொச்சம்தான் வரும். பத்தர் வேண்டாம் என்றார்.

"லேசா இருக்கணும், சரி. ஆனா கைக்குத் தெரியணும் தம்பி. தங்கம் இறுகுறது கைப்பிடியிலதான் எனக்குத் தெரியும். அது தெரியாமப் போச்சுன்னா எப்ப நெருப்புல காட்டணும்னு எனக்கு எப்படிப் புரியும்?"

ரோலரில் உருள உருளத் தங்கம் இறுகும். அதைத் தாண்டியும் விட்டால் விளிம்பு வெடிக்கும். சரியான நேரத்தில் சிவக்கக் காய்ச்சி இளக்க வேண்டும். அவருக்கு அளவுகருவி கைதான். 5 மடங்கில் அந்த வித்தியாசம் மழுங்கிவிடும். அதோடு கைப்பிடியின் ஒரு சுற்றுக்குத் தகடு 31 மி.மீ.தான் நகரும், வேலை ஊரும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அவருடையதுதான். கணக்கில் அந்த எண் எனக்குக் கிடைத்திருக்காது.

மூன்று மடங்கு என்று முடிவு செய்தோம். கைப்பிடி அச்சில் 17 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்), கீழ் ரோலர் அச்சில் 52 பல் சக்கரம். விகிதம் 3.06. 51 போடாமல் 52 போட்டதற்குக் காரணம் உண்டு. 51 என்றால் பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பினியனின் ஒரே பல்லோடுதான் திரும்பத் திரும்ப உரசும். 17க்கும் 52க்கும் பொதுவான வகுஎண் இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும். மையத் தூரம் 86.25 மி.மீ. கைப்பிடி இழுவை காய்ந்த புஷ்ஷோடு 7 கிலோ, எண்ணெய் நன்றாக ஓடினால் 5 கிலோ.

பல்லின் பலத்தையும் பார்த்தேன். மோசமான இடம் இடைச்சக்கரம். அங்கே பல்லில் விழுவது 138 கிலோ. 25 மி.மீ. அகலத்தில் வேரில் சதுர மில்லிமீட்டருக்கு 7.3 கிலோ வருகிறது. தகடு கவ்வும் அதிர்ச்சிக்கு இரட்டித்தால் 14.6. இடைச்சக்கரத்தின் பல் இரண்டு பக்கமும் மாறி மாறி வளையும், ஆகவே சாதாரணச் சக்கரத்துக்கு விடும் அளவை அதற்கு விடக்கூடாது. அதையும் கழித்துப் பார்த்தாலும் இஎன் 8 எஃகு (நடுத்தரக் கார்பன் எஃகு) தாங்கும்.

பல் வெட்டியது

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ஆறு சக்கரத்தில் ஐந்து ஒரே மாதிரி. நான்கு சக்கரமும் கைப்பிடிப் பினியனும் 17 பல், 2.5 மாட்யூல். 17 முதல் 20 பல் வரைக்குமான ஒரே கட்டர். 52 பல்லுக்கு மட்டும் 35 முதல் 54 வரைக்கான கட்டர் மாற்ற வேண்டும்.

வட்டத்தைச் சமபாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் 40க்கு 1, அதாவது அதன் கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 17 பல்லுக்கு 17 துளை வட்டத்தில் இரண்டு முழுச் சுற்றும் 6 துளையும். 52 பல்லுக்கு 39 துளை வட்டத்தில் 30 துளை. மூன்றாவது பிளாங்கில் (பல் வெட்டக் கடைந்து வைத்த வட்டு) நான் பேச்சுக்கொடுத்துக்கொண்டே சுற்றி, ஒரு இடத்தில் 6க்குப் பதில் 7 துளை போய்விட்டேன். ஒரு துளை என்பது பிட்ச் வட்டத்தில் 0.2 மி.மீ. கடைசிப் பல் வெட்டி முடிந்ததும் அது மற்றப் பல்லைவிட ஒல்லியாக நின்றது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, வெர்னியர் வைத்தால் தெரியும். அதை அப்படியே போட்டிருந்தால் தகட்டில் சுற்றுக்கு ஒரு வரி நிச்சயம். தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிளாங்க் எடுத்தேன்.

கைப்பட்டைகளை ஜோடியாகச் சேர்த்துப் பிடித்துத் துளையிட்டேன். துளைத் தூரம் 42.5 இல்லை, 42.6. அந்த 0.1ல் பல்லுக்குத் தேவையான சந்து கிடைத்துவிடும். புஷ் எல்லாம் புதிது, எண்ணெய்ப் பள்ளம் ஆழமாக. சக்கரங்களுக்குத் தகர உறை கட்டாயம் போட்டேன். வேட்டி நுனி மாட்டக்கூடாது என்பது ஒன்று. கிரீஸ் தெறித்துத் தங்கத்தில் படக்கூடாது என்பது பத்தரின் கவலை. இரண்டும் நியாயமானவை.

ஓட்டிப் பார்த்தது

முதலில் 20 மி.மீ. அகலச் செம்புப் பட்டை. கைப்பிடி நுனியில் வில் தராசைக் கட்டி இழுத்தேன். முள் 5க்கும் 6க்கும் நடுவே ஆடியது. பட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வரி இல்லை. பத்தர் அதைக் கையில் வாங்காமல், தன்னுடைய தங்கக் கட்டியை எடுத்து 5 மி.மீ. திறந்து விட்டார். முதல் கவ்வலில் ஒரு தடவை வழுக்கியது. ரோலரில் நான் துடைக்காமல் விட்ட எண்ணெய். துணியால் துடைத்ததும் பிடித்துக்கொண்டது. ஆறாவது தடவையில் கைப்பிடியை நிறுத்திவிட்டு, "ஆ, இறுகுது, தெரியுது" என்றார். காய்ச்சினார். மறுபடி விட்டார். சாயங்காலத்துக்குள் கட்டி தகடாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ரோலர் கழுத்துகள் நன்றாக இருந்தன. இரண்டாவது இடைச்சக்கரத்தின் புஷ்ஷில் மட்டும் லேசான ஆட்டம் இருந்தது. அதன் எண்ணெய்த் துளை பட்டையின் அடிப்பக்கம் பார்த்து இருந்ததால் விட்ட எண்ணெய் உள்ளே நிற்காமல் வடிந்திருக்கிறது. புது புஷ் அடித்து, பட்டையை மேலும் கீழும் மாற்றிப் பூட்டி, துளை மேலே வரும்படி வைத்தேன். உறையில் அதற்கு நேராக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது காலையில் விளக்கேற்றியதும் அதில் இரண்டு சொட்டு விடுகிறார்.